ரேம் மிச்சம் இருக்கும்போதே கெர்னல் "இல்லை" என்கிறது: அந்தத் தோல்விகளை எண்ணுவது எப்படி?

தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: "அண்ணாச்சி, பணகுடிப் பக்கம் எங்கள் காற்றாலைகள் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி இருக்கிறது. ஏஆர்எம் சிப், 512 எம்பி ரேம், 4ஜி மோடம். ஆனி ஆடியில் காற்று ஏறியதும் சில பெட்டிகளிலிருந்து தரவு விட்டுவிட்டு வருகிறது. கெர்னல் லாகில் 'பேஜ் அலொகேஷன் ஃபெயிலியர், ஆர்டர் 3' என்று மூன்று நான்கு இடத்தில் இருக்கிறது. ஆனால் ஃப்ரீ கமாண்ட் போட்டால் 90 எம்பி சும்மா கிடக்கிறது. இப்படி எத்தனை முறை தோற்றது என்று ஒரு எண் எங்கே கிடைக்கும்? அதை வைத்து அலாரம் போடவேண்டும்."

லாகில் ஒரு துண்டும் அனுப்பியிருக்கிறார். கெர்னல், அதாவது லினக்ஸின் மையப்பகுதி, 4.19 பதிப்பு. மோடத்தை இயக்கும் நிரலான டிரைவர், மோடம் விற்றவர்கள் கையோடு கொடுத்தது. அதன் ஆவணத்தில் 16 கேபி பஃபர் என்று இருப்பதாகவும் சொல்கிறார்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் அப்படி ஒரு எண் கிடையாது. ப்ராக் கோப்பகத்தில் விஎம்ஸ்டாட் என்ற கோப்பைத் திறந்தால் மெமரி பற்றிய எண்ணிக்கைகள் வரிவரியாக ஓடும். எத்தனை பேஜ் (கெர்னல் மெமரியை அளந்து கொடுக்கும் துண்டு) கொடுத்தது, எத்தனை திரும்ப வந்தது, மெமரி தீரும்போது ஏதாவதொரு ப்ரொக்ராமைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் எத்தனை பேரைத் தீர்த்துக்கட்டியது, எல்லாம் இருக்கும். "கேட்டார்கள், கொடுக்க முடியவில்லை" என்பதற்கு மட்டும் பொதுவான கணக்கு இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் விஎம்ஸ்டாட் கமாண்டை இசட் ஆப்ஷனோடு போட்டால் ஒவ்வொரு வகைக்கும் நேரே ஃபெயில் என்று ஒரு பத்தியே வரும். சோலாரிஸிலும் அப்படிக் கணக்கு உண்டு. விண்டோஸ் சர்வரில்கூட நான்பேஜ்டு பூல் (டிஸ்க்குக்குத் தள்ளமுடியாத கெர்னல் மெமரி) கொடுக்க முடியாமல் போனதற்கு ஒரு கவுண்டர் இருக்கிறது.

லினக்ஸ்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கெர்னலுக்குள் வரும் கோரிக்கைகளில் பல, "கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்" என்ற வகை. பெரிய துண்டாக ஒன்று கேட்டுப் பார்ப்பார்கள். இல்லை என்றால் சின்னச் சின்னதாக வாங்கிச் சேர்த்துக்கொள்வார்கள். சின்ன பேஜ்களுக்குப் பதில் தானே பெரிய பேஜாகக் கொடுத்துப் பார்க்கும் டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ் ஏற்பாடு முழுக்க இந்த ரகம். எல்லாத் தோல்வியையும் ஒரே எண்ணில் கூட்டினால், யாருக்கும் நோகாத தோல்விகள் லட்சமும் உங்கள் மோடத்தைப் படுக்கவைத்த தோல்விகள் பத்தும் ஒன்றாகக் கலந்துவிடும். ஆனாலும் ஆர்டர் (கேட்ட துண்டின் அளவு) வாரியாகப் பிரித்து எண்ணியிருக்கலாம் என்பதுதான் என் கட்சி. அதைச் செய்யாததால் நாம்தான் கையால் செய்யவேண்டியிருக்கிறது.

எண்ணுவதற்கு முன் லாகைப் படிப்போம். அதில் பாதிப் பதில் இருக்கிறது.

ஆர்டர் 3 என்றால் ஒட்டினாற்போல் எட்டு பேஜ். ஒரு பேஜ் 4 கேபி, ஆக 32 கேபி. கெர்னலின் பேஜ் அலொகேட்டருக்குப் பெயர் பட்டி அலொகேட்டர். பட்டி என்பதை நண்பன் என்று மொழிபெயர்ப்பார்கள். எனக்கென்னவோ பங்காளி என்பதுதான் சரியான சொல். பெரிய துண்டு ஒன்றைச் சரிபாதியாக உடைத்து இரண்டாக்கும். வேண்டுமானால் அதில் ஒரு பாதியை மறுபடி பாதியாக்கும். ஒரே வயலிலிருந்து பிரிந்த இரண்டு பாதிகள் ஒன்றுக்கொன்று பங்காளி. திரும்பச் சேர்க்கவேண்டும் என்றால் அதே பங்காளியோடு மட்டும்தான் சேரமுடியும். இந்தப் பக்கத்து வயல் காலியாகக் கிடந்தாலும் அது வேறு வீட்டுப் பாகம் என்றால் ஆகாது. பாகம் பிரித்துப் பிரித்து நான்கு தலைமுறை ஆன நிலத்தில் மொத்தமாகப் பார்த்தால் மூன்று ஏக்கர் தரிசு இருக்கும். டிராக்டர் திரும்புகிற அளவுக்கு ஒரே துண்டாக அரை ஏக்கர் இருக்காது. உங்கள் 512 எம்பியில் நடந்திருப்பது இதுதான்.

லாகில் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் நார்மல் என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். 4 கேபி துண்டுகள் 3912. 8 கேபி துண்டுகள் 1204. 16 கேபி துண்டுகள் 87. அடுத்து 32 கேபி பூஜ்யம், 64 பூஜ்யம், அப்படியே 2048 வரை பூஜ்யம். கடைசியில் 4096 கேபி துண்டுகள் மட்டும் 16, பக்கத்தில் அடைப்புக்குள் சி என்ற எழுத்து. கூட்டிப் பாருங்கள்: முதல் மூன்றும் சேர்ந்து 26,672 கேபி. கடைசி 65,536 கேபி. மொத்தம் 92,208. ஃப்ரீ கமாண்ட் காட்டிய 90 எம்பி இதுதான்.

அந்த சி எழுத்தில்தான் சூட்சுமம். சிஎம்ஏ (கன்டிகுவஸ் மெமரி அலொகேட்டர்) என்பதன் முதலெழுத்து அது. கேமரா, திரை போன்ற கருவிகளுக்குப் பெரிய தொடர்துண்டு தேவைப்படும் என்று பூட் ஆகும்போதே ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பார்கள். உங்கள் பெட்டியில் 64 எம்பி அப்படிப் போயிருக்கிறது. அந்த இடத்தை வேறு யாருமே தொடக்கூடாது என்றில்லை. ஆனால் இடம்மாற்றக்கூடிய பேஜ்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். டிரைவர் வாங்கும் பஃபரை (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடத்தை) இடம்மாற்ற முடியாது. ஆகவே உங்கள் மோடம் டிரைவரின் கண்ணுக்கு அந்த 64 எம்பி இல்லவே இல்லை. காற்றாலையின் அடியில் கிடக்கும் பெட்டியில் கேமராவும் கிடையாது, திரையும் கிடையாது. வேறு ஏதோ பொருளுக்கு எழுதிய கான்ஃபிகரேஷனை அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

மற்ற எழுத்துகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். யு என்றால் அசைக்கமுடியாதது, எம் என்றால் அசைக்கக்கூடியது, இ என்றால் கேட்டால் திரும்ப வாங்கக்கூடியது, ஹெச் என்றால் அவசரக் கோரிக்கைகளுக்காக ஒதுக்கியது. ஒரு துண்டு எந்த வகையில் கிடக்கிறது என்பதைப் பொறுத்து அது யாருக்குப் பயன்படும் என்பது மாறும்.

சரி, மீதி 26 எம்பி இருக்கிறதே, அதுவே போதாதா? மட்டத்தைப் பொறுத்தவரை தாராளம். கெர்னலில் ஒவ்வொரு சோனுக்கும் (ரேமைப் பிரித்து வைத்திருக்கும் பகுதி) மூன்று வாட்டர்மார்க் உண்டு: மின், லோ, ஹை. பெயரே நீர்மட்டக் குறிதான். 512 எம்பி உள்ள கருவிக்கு மின் ஃப்ரீ கேபைட்ஸ் என்ற அளவு 2896 கேபி என்று கெர்னல் தானே கணக்குப் போட்டு வைக்கும். லோ அதைவிடக் கால்பங்கு மேலே, ஏறக்குறைய 3620. ஹை சுமார் 4344. காலியிடம் லோவுக்குக் கீழே போனால் இடம் மீட்கும் பின்னணி வேலையாளான கேஸ்வாப்டி விழித்துக்கொண்டு ஹை வரை இடம் சேர்த்துவிட்டுத் தூங்கப்போகும். மின்னுக்கும் கீழே போனால், கேட்டவரையே நிறுத்தி வைத்து "நீயே கொஞ்சம் காலி பண்ணிவிட்டு வாங்கிக்கொள்" என்று சொல்லும். உங்கள் 26 எம்பி இந்த மூன்று குறிக்கும் எங்கோ மேலே நிற்கிறது. ஆக மட்டத்தில் குறையில்லை. துண்டின் அளவில்தான் குறை.

இதனால்தான் "காலி மெமரி இத்தனைக்குக் கீழே போனால் அலாரம்" என்று வைத்தால் உங்கள் பெட்டிக்கு அது ஒருநாளும் அடிக்காது. நம்மூரில் காலையில் பேப்பரைப் பிரித்தால் பாபநாசம் அணை 143 அடியில் இன்றைக்கு எவ்வளவு என்று பார்க்காமல் காபி இறங்காது. ஆனால் விவசாயி அதோடு நிறுத்துவதில்லை. வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு, நம் கால்வாயில் திறந்திருக்கிறார்களா என்பதையும் சேர்த்துத்தான் படிப்பார். அணை நிறைந்திருந்து மடை அடைத்திருந்தால் வயலுக்கு என்ன பிரயோசனம்? ஃப்ரீ கமாண்ட் அணையின் அடிக்கணக்கு மட்டும்.

அடுத்தது அனுமதி. லாகின் முதல் வரியில் மோட் என்ற இடத்தில் ஜிஎஃப்பி அட்டாமிக் (ஜிஎஃப்பி என்பது மெமரியை எப்படிக் கேட்கிறார் என்று சொல்லும் குறி) என்று இருக்கிறது. இதைத்தான் எல்லோரும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போவார்கள். ஜிஎஃப்பி கெர்னல் என்று கேட்பவர் காத்திருக்கத் தயார். இடம் இல்லையென்றால் கெர்னல் அவரை நிறுத்திவைத்து, கேஷை (டிஸ்க்கிலிருந்து படித்து வைத்த பிரதிகளை) கலைத்து, துண்டுகளை நகர்த்தி ஒட்டிப் பார்த்து, அப்புறம் கொடுக்கும். ஆர்டர் 3 வரைக்குமான கோரிக்கை இப்படிக் காத்திருக்கத் தயாராக வந்தால் லேசில் கைவிரிக்காது. ஓஓஎம் கில்லரைக்கூடக் கூப்பிட்டுப் பார்க்கும். ஜிஎஃப்பி அட்டாமிக் அப்படியல்ல. இன்டரப்ட் (கருவி குறுக்கிட்டு அழைத்த அவசர வேலை) நடுவில் நிற்கிறேன், ஒரு கணமும் தூங்கமுடியாது, இருந்தால் இப்போதே கொடு என்று கேட்பது. பதிலுக்கு ஒரு சலுகை உண்டு: மின் குறிக்குக் கீழேயுள்ள சேமிப்பிலும் கொஞ்சம் கைவைக்கலாம். ஆனால் சேமிப்பில் 32 கேபி துண்டே இல்லாதபோது சலுகையை வைத்து என்ன செய்வது?

அதோடு, காத்திருக்காத கோரிக்கை காத்திருந்த கணக்கில் ஏறாது. விஎம்ஸ்டாட்டில் அல்லாக்ஸ்டால் என்று தொடங்கும் வரிகள், கேட்டவரையே நிறுத்தி வேலை வாங்கியது எத்தனை முறை என்று சொல்பவை. காம்பாக்ட் ஸ்டால், காம்பாக்ட் ஃபெயில் என்பவை துண்டுகளை ஒட்டவைப்பதற்காக நிறுத்தியதையும், ஒட்டவைக்க முடியாமல் போனதையும் சொல்பவை. சர்வர்களுக்கு இவை அருமையான முன்னறிவிப்பு. உங்கள் மோடம் டிரைவர் விஷயத்தில் இவை அசையாமல் கிடக்கலாம். அவை அசையவில்லை என்பதால் கோளாறு இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

இப்போது எண்ணும் வேலைக்கு வருவோம்.

லாகில் மூன்று நான்கு என்று சொன்னீர்கள். அந்த எண்ணை நம்பாதீர்கள். காரணம் மூன்று. ஒன்று, இந்த எச்சரிக்கை கட்டுப்பாட்டோடு அச்சாவது. சடசடவென்று தோல்விகள் வந்தால் சிலவற்றை எழுதிவிட்டு மீதியை விட்டுவிடும். இரண்டு, ஒவ்வொரு எச்சரிக்கையும் பத்துக்கணக்கான வரிகள் நீளம். கெர்னல் லாக் ஒரு வட்டத் தொட்டி, புதியது வரப் பழையது அழியும். மூன்றாவதுதான் பெரியது. கேட்பவர் நோவார்ன் என்ற குறியோடு கேட்டால் தோல்வி லாகில் எழுதப்படுவதே இல்லை. கெர்னலின் நெட்வொர்க் பகுதி பாக்கெட்டுக்கான பஃபரை வாங்கும்போது முதல் முயற்சியை இந்தக் குறியோடுதான் செய்கிறது.

இதில் நான் பட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் திருநெல்வேலியில் ஒரு சின்ன இணைய நிறுவனத்துக்கு சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் அன்று நேரலை பார்க்கிற கூட்டம். வடம் பிடித்து நிலையிலிருந்து தேர் நகர்ந்த நேரம் பார்த்துப் படம் திக்கித் திக்கி ஓடுகிறது. போனுக்கு மேல் போன். லாகைப் பார்க்கிறேன், துடைத்துவிட்டதுபோல் சுத்தம். மெமரி கிராஃப் சமதரையாகக் கிடக்கிறது. கேபிளைப் பிடுங்கி மாட்டினேன், ஸ்விட்சைக் குறை சொன்னேன், மேலே இருக்கிற இணைப்பைக் குறை சொன்னேன். தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ஈத்டூல் கமாண்டில் நெட்வொர்க் கார்டின் சொந்தக் கணக்கை எடுத்துப் பார்க்கத் தோன்றியது. பஃபர் வாங்க முடியாமல் தோற்றது ஆயிரக்கணக்கில். டிரைவர் எழுதியவர் புண்ணியத்துக்கு எண்ணி வைத்திருந்தார். கெர்னல் வாயே திறக்கவில்லை.

ஆகவே முதல் பாடம், டிரைவர்களின் சொந்தக் கணக்கு. ஈத்டூலில் பெரிய எஸ் ஆப்ஷன் போட்டு வரும் பட்டியலில் அல்லாக், ஃபெயில், நோ பஃபர் போன்ற சொற்கள் உள்ள வரிகளைத் தேடுங்கள். டிரைவருக்கு டிரைவர் பெயர் மாறும், சிலதில் ஒன்றுமே இருக்காது. கூடவே இன்டர்ஃபேஸின் டிராப் எண்ணிக்கை, அதாவது தவறவிட்ட பாக்கெட்டுகள்.

இரண்டாவதுதான் நீங்கள் உண்மையில் தேடியது. கெர்னலில் பேஜ் கொடுக்க முடியாமல் தோற்கும் பாதை கடைசியில் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும். பெயர் வார்ன் அல்லாக். பழைய கெர்னல்களில் வார்ன் அல்லாக் ஃபெயில்டு என்றிருந்தது. நோவார்ன் குறி இருக்கிறதா, அளவுக்கு மீறி அச்சடிக்கிறோமா என்ற சோதனைகள் எல்லாம் இந்த ஃபங்ஷனின் உள்ளே இருக்கின்றன. அதாவது, லாகில் எழுதாவிட்டாலும் இந்த வாசற்படியை மிதித்துவிட்டுத்தான் திரும்பிப் போகும். ஒரு ஃபங்ஷன் ஓடும்போதெல்லாம் குறித்துக்கொள்ளும் கேப்ரோபை வாசலில் போட்டு உட்காரவைத்துவிட்டால் எழுதியது எழுதாதது எல்லாம் கணக்கில் வரும். தோல்வி வந்தால் மட்டுமே ஓடும் பாதை என்பதால் சாதாரண நேரத்தில் செலவே கிடையாது.

ட்ரேஸிங் கோப்பகத்தில் கேப்ரோப் ஈவென்ட்ஸ் என்ற கோப்பில் இந்த ஃபங்ஷன் பெயரோடு ஒரு வரி எழுதினால் போதும். முதல் ஆர்க்யுமென்ட் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு) ஜிஎஃப்பி குறிகள். நான்காவது ஆர்க்யுமென்ட் ஆர்டர். இரண்டையும் பதியச் சொல்லுங்கள். சிதறிய பேஜ்களைச் சேர்த்து ஒரே தொடராகக் காட்டும் விஎம்அல்லாக் தோற்றாலும் இதே ஃபங்ஷன்தான். அப்போது நான்காவது இடத்தில் பைட் கணக்கு வந்து நிற்கும், பெரிய எண்ணாக இருப்பதால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஈவென்டை ஆன் செய்த பிறகு, கேப்ரோப் ப்ரொஃபைல் என்ற கோப்பில் எத்தனை முறை தட்டியது என்ற எண் இருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் படித்து முந்தையதைக் கழித்தால் நீங்கள் கேட்ட எண் கையில். ஸ்டாக் ட்ரேஸ் ட்ரிகரையும் சேர்த்துவிட்டால் யார் கேட்டது என்பதும் விழும்.

கேப்ரோப் இல்லாமல் கெர்னலைக் கட்டியிருந்தால் கேமெம் தொகுதியில் எம்எம் பேஜ் அல்லாக் என்ற ட்ரேஸ்பாயின்ட் (கெர்னலிலேயே கட்டிவைத்த கண்காணிப்பு இடம்) இருக்கும். பேஜ் கிடைக்காதபோது அதன் பிஎஃப்என் (பேஜின் எண்) மதிப்பு எல்லா பிட்டும் 1 ஆக இருக்கும். அதையே ஃபில்டராகப் போடலாம். ஆனால் இது கொடுக்கும் ஒவ்வொரு பேஜுக்கும் ஓடும், ஃபில்டர் ஒவ்வொரு முறையும் பார்க்கப்படும். உங்கள் சின்ன சிப்பில் நாள் முழுக்க இதை ஓடவிடச் சொல்லமாட்டேன். தேடும்போது பத்து நிமிடம், அவ்வளவுதான்.

வார்ன் அல்லாக் முறையைப் பெரிய சர்வரில் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ் ஆன் ஆகி இருந்தால், ஆர்டர் 9 தோல்விகள் மழைக்காலத்து ஈசல் மாதிரி வரும். அவை எல்லாம் நோகாத தோல்விகள். ஆர்டர் 9ஐ வடிகட்டிவிட்டு, 3 வரை உள்ளவற்றை ஒரு கணக்கு, 4 முதல் 8 வரை ஒரு கணக்கு என்று பிரித்து வையுங்கள். ஆர்டர் 0 தோற்றால் அது பெரும்பாலும் தீவிரமான விஷயம். கேட்டவருக்கு ஒற்றை 4 கேபிகூடக் கொடுக்க முடியாத நிலைமை அது.

கன்டெய்னர் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று. சிகுரூப் (ப்ரொக்ராம் கூட்டத்துக்கு மெமரி அளவு வைக்கும் ஏற்பாடு) வரம்பை முட்டித் தோற்பது இந்த வாசலுக்கு வராது. அதற்கு அந்தந்த சிகுரூப்பின் மெமரி ஈவென்ட்ஸ் கோப்பில் மேக்ஸ், ஓஓஎம், ஓஓஎம் கில் என்று தனித்தனியாக எண்ணிக்கை இருக்கிறது. ப்ராமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் வைத்திருப்பவர்கள், அதற்கு எண்களைச் சேகரிக்கும் நோட் எக்ஸ்போர்ட்டர் எல்லாம் எடுத்துவரும் என்று நம்பியிருப்பார்கள். அது இயல்பாக விஎம்ஸ்டாட்டிலிருந்து ஓஓஎம் கில், பேஜ் ஃபால்ட், ஸ்வாப் மாதிரி சிலவற்றைத்தான் எடுக்கும். அல்லாக்ஸ்டால், காம்பாக்ட் வரிகள் வேண்டும் என்றால் அதன் ஃபில்டரை நீங்களே விரிக்கவேண்டும்.

துண்டுகளின் நிலைமையைப் பார்க்க பட்டிஇன்ஃபோ கோப்பு பிரபலம். ஆர்டர் 0 முதல் 10 வரை பதினொரு எண்கள். உங்கள் பெட்டியில் அது ஏமாற்றும், ஏனென்றால் சிஎம்ஏ துண்டுகளையும் சேர்த்தே எண்ணும். கடைசிப் பத்தியில் 16 இருப்பதைப் பார்த்து, பெரிய துண்டு இருக்கிறதே, உடைத்துக் கொடுக்கலாமே என்று தோன்றும். பேஜ்டைப்இன்ஃபோ வகைவாரியாகப் பிரித்துக் காட்டும். அதைப் படிப்பது சோனுக்குப் பூட்டுப் போட்டு எண்ணுகிற வேலை, அதனால் விநாடிக்கு ஒருமுறை படிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போதும்.

பிஎஸ்ஐ (ப்ரெஷர் ஸ்டால் இன்ஃபர்மேஷன்) பற்றிக் கேட்காமல் விட்டீர்கள், நானே சொல்கிறேன். மெமரிக்காகக் காத்திருந்தே வேலைகள் எவ்வளவு நேரத்தைத் தொலைத்தன என்று 10, 60, 300 விநாடிச் சராசரியாகச் சொல்லும் அருமையான ஏற்பாடு. 2018 டிசம்பரில் வந்த 4.20 கெர்னலில் சேர்ந்தது. உங்களிடம் இருப்பது 4.19! ஒரு படியில் தவறியிருக்கிறது. அந்த 4.19 வரிசைக்கான பராமரிப்பும் 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. மோடம் விற்றவர்களிடம் புதிய கெர்னலுக்கான டிரைவர் கேளுங்கள். கொடுப்பார்கள் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். எப்படியும் உங்கள் இன்றைய கோளாறில் பிஎஸ்ஐ உதவாது, காத்திருக்காத கோரிக்கை என்று முன்னமே சொன்ன அதே காரணம்தான்.

அலாரம் வைத்ததும் அது அடிக்கிறதா என்று சோதிக்கவேண்டும். கெர்னலிலேயே வேண்டுமென்று தோற்கடிக்கும் ஏற்பாடு உண்டு: ஃபெயில்ஸ்லாப், ஃபெயில் பேஜ் அல்லாக். எத்தனை சதவீதம் தோற்கவேண்டும், எந்த ஆர்டருக்கு மேல் தோற்கவேண்டும் என்றெல்லாம் சொல்லலாம். ஆனால் அதற்கென்று கட்டிய கெர்னல் வேண்டும். விற்பவர் கொடுத்ததில் இருக்காது. என் குறுக்குவழி: லேப்டாப்பில் ஒரு விர்ச்சுவல் மெஷின் எழுப்பி, வார்ன் அல்லாக் கேப்ரோபைப் போட்டுவிட்டு, இருக்கும் ரேமைவிட அதிகமாக ஹியூஜ் பேஜ் கேளுங்கள். கொடுக்கிறவரை கொடுத்துவிட்டுத் தோற்கும். அந்தக் கோரிக்கை நோவார்ன் குறியோடு போவது. லாகில் ஒரு வரியும் இருக்காது, உங்கள் கணக்கு மட்டும் ஏறும். சத்தமில்லாத தோல்வியைப் பிடித்துவிட்டோம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். முடிந்ததும் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்க மறக்கவேண்டாம், இல்லாவிட்டால் மெஷின் மூச்சுத்திணறும். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் இதைச் செய்யாதீர்கள்.

அலாரம் எங்கே வைப்பது? தோல்விக் கணக்கு ஏறினால் மட்டும் என்று வைத்தால் ராத்திரியெல்லாம் எழுப்பும். ஆர்டர் 3 வரையிலான தோல்வி ஏறவேண்டும், அதே ஐந்து நிமிடத்தில் மோடத்தின் டிராப் எண்ணிக்கையும் ஏறவேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஆளை எழுப்பு. ஒன்று மட்டும் என்றால் எழுதி வைத்துக்கொள், காலையில் பார்க்கலாம். இன்னொரு கூத்து, அலாரம் போகவேண்டிய வழியே அந்த மோடம்தான். அதனால் எண்களைப் பெட்டியிலேயே நேரத்தோடு ஒரு கோப்பில் சேர்த்து வைத்து, இணைப்பு சரியானதும் அனுப்புகிற மாதிரி எழுதுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது: தீர்வு. இணையத்தில் தேடினால் இரண்டு வைத்தியம் கிடைக்கும். மணிக்கொருமுறை டிராப் கேஷஸ் ஓட்டு என்பது ஒன்று. எனக்கு அது அறவே பிடிக்காது. நன்றாக ஓடும் கேஷைக் கொட்டிக் கவிழ்ப்பதால் துண்டு ஒட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, திரும்பப் படிக்கிற வேலைதான் மிச்சம். மின் ஃப்ரீ கேபைட்ஸை ஏற்று என்பது மற்றொன்று. 2896ஐ 8192 ஆக்கிப் பார்ப்பதில் தப்பில்லை, கொஞ்சம் உதவலாம். ஆனால் உங்கள் சிக்கல் மட்டத்தில் இல்லை என்று பார்த்தோம். கண்டபடி ஏற்றினால் ஓஓஎம் உடனே வரும் என்று கெர்னல் ஆவணமே எச்சரிக்கிறது.

செய்யவேண்டியது வேறு இரண்டு. பூட் வரியில் சிஎம்ஏ அளவை 64லிருந்து 8 எம்பிக்குக் குறையுங்கள். 56 எம்பி அசல் நிலமாகத் திரும்பி வரும். அப்புறம் டிரைவரின் பஃபர் அளவு. 16 கேபி பஃபர் என்று அதன் ஆவணத்தில் இருப்பதாகச் சொன்னீர்கள். பஃபரோடு ஒட்டிக்கொண்டு சில நூறு பைட் தலைப்பும் வரும். 16 கேபியைத் தாண்டியதும் கெர்னல் அடுத்த அளவான 32 கேபி துண்டைத் தேடும். சில நூறு பைட்டுக்காக இரண்டு மடங்கு நிலம். அந்த அளவை டிரைவர் ஆப்ஷனில் 15 கேபி ஆக்க முடிந்தால் தேடுவது 16 கேபி துண்டு, உங்களிடம் 87 இருந்தது. ஏழு கேபி ஆக்க முடிந்தால் 8 கேபி துண்டே போதும், 1204 இருந்தது. மோடம் அதற்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை டிரைவரின் குறிப்பைப் பார்த்து, ஒரு பெட்டியில் ஓட்டித்தான் சொல்லமுடியும்.

எல்லாப் பெட்டியிலும் ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள். அடுத்தடுத்த காற்றாலைகளில் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சிஎம்ஏ மட்டும், ஒன்றில் பஃபர் மட்டும், ஒன்றில் ஒன்றும் வேண்டாம். மூன்றிலும் வார்ன் அல்லாக் கணக்கும் பேஜ்டைப்இன்ஃபோவும் ஓடட்டும். சாயங்காலம் காற்று உச்சத்தில் இருக்கிற நேரத்து எண்களை ஒரு வாரத்துக்கு எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.